வெளிப்பக்கத்து எண்

என் மகள் பாகைமானியை நோட்டில் வைத்துக்கொண்டு, "உள்பக்க எண்ணப் பாக்கணுமா, வெளிப்பக்கமாம்மா?" என்று கேட்டாள்.

உத்தமபாளையத்தில் ஏழாம் வகுப்புப் பரீட்சையின்போது பக்கத்திலிருந்த ஜெயாவும் என்னிடம் இதையேதான் பதற்றமாகக் கேட்டாள். முதல் ரேங்க்குக்கு எங்கள் இருவருக்கும்தான் போட்டி. வேண்டுமென்றே, "வெளிப்பக்கம்டி" என்றேன். நூற்றிருபது பாகையை அவள் அறுபது என்று எழுதினாள்.

டீச்சர் அவள் தாளைத் தூக்கிக் காட்டினார். "விரிகோணம்னு பாத்தாலே தெரியுது. குறுங்கோணத்து அளவ எழுதியிருக்கியேடி!"

வகுப்பே சிரித்தது. முதல் ரேங்க் எனக்குத்தான் கிடைத்தது.

திராட்சைத் தோட்டத்து வழியே வீடு திரும்பும்போது ஜெயா சொன்னாள்: "நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. நாந்தான் மாத்திக் கேட்டுட்டேன்."

"இனிமேலாச்சும் கவனமாக் கேளுடி" என்றேன்.

பொய்யைவிட அந்தப் புத்திமதிதான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.