கயிறு சாத்திய பக்கம்

பேய், ஆவி, முன்னறிவிப்பு என்று மற்றவர்கள் பேசும்போது எழுந்து போய்விடுகிறவன் நான். பழமலைநாதர் சந்நிதியில் நாள் தவறாமல் நின்று பதிகம் பாடுகிறவனுக்கு அவற்றோடு என்ன வழக்கு என்பதே என் எண்ணம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்; சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

என் மகள் அமுதா அப்போது விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில், சூளையிலிருந்து வரும் கோப்பைகளில் விரிசல் பார்த்து ஒதுக்கும் வேலையில் இருந்தாள். திருமணத்தால் பாதியில் நின்ற ஊட்டச்சத்தியல் பட்டப்படிப்பை முப்பத்தொரு வயதில் மீண்டும் தொடர்ந்து, ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரை மிச்சம் என்ற நிலைக்கு வந்திருந்தாள். சூளை வெப்பத்தில் உழைப்பவர்களை எந்த உணவு தாங்குகிறது என்பது பொருள். பேராசிரியை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆதாரமெல்லாம் இணையத்தில் எடுத்தவை, குறைந்தது மூன்று அச்சுப் புத்தகங்கள் வேண்டும், பக்க எண்ணோடு, அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸோடு, திங்கட்கிழமைக்குள். தவறினால் அவளுக்குத் தரப்பட்ட கால வரம்பே முடிந்து, படித்ததெல்லாம் வீணாகிவிடும்.

“எனக்கு லீவு தரமாட்டாங்கப்பா. நீ போய்ப் பாரேன். தமிழ் வாத்தியாருதானே, புக்குன்னா மோப்பம் புடிச்சிடுவ” என்றாள்.

செவ்வாய் முதல் நூலகத்துக்கு நடந்தேன். வெயிலும் முழங்கால் வலியும் போட்டி போட்டன. நூலகர் நாற்பது வயதுப் பெண்மணி. இரக்கமும் கேலியும் சம அளவில் உடையவர். “சத்துணவுன்னா சமையல் புக்குதாங்க ஐயா இருக்குது. பசங்க பரீட்சை கைடுக்குத்தான் வராங்க, மீதியெல்லாம் கரையானுக்கு” என்று ஒரு மூலையைக் காட்டினார். இரண்டு நாள் தூசியைத் தின்றதில் தானியங்களைப் பற்றி ஒன்றும் பெண்களின் உணவைப் பற்றி ஒன்றுமாக இரண்டு புத்தகங்கள் தேறின. மூன்றாவது அகப்படவில்லை.

வியாழன் பிற்பகல். மறுநாள் வெள்ளி, நூலகத்துக்கு விடுமுறை. கொண்டுபோன தயிர்ச்சோற்றை உண்டுவிட்டு உட்கார்ந்தேன். நூலகர் சாப்பிடப் போயிருந்தார். மின்சாரம் வேறு போயிருந்தது. மேசையில் கடைசியாக எடுத்துவைத்த பழைய உணவியல் புத்தகம் ஒன்று. பொருளடக்கம் கிழிந்து போயிருந்தது. ஏடு ஏடாகத் தேடக் கண்ணில் தெம்பில்லை, உண்மையைச் சொன்னால் மனத்திலும் தெம்பில்லை. அப்போதுதான் செய்யத் தகாததைச் செய்தேன்.

எங்கள் வழக்கத்தில், மனம் தடுமாறும் வேளையில் பதிக ஏட்டினுள் கண்ணை மூடிக் கயிறு சாத்தி, அது விழுந்த பக்கத்தில் வரும் பாடலை இறைவன் வாக்காகக் கொள்வோம். நீராடி, பசித்த வயிற்றோடு செய்ய வேண்டியது. நானோ சாப்பிட்ட வாயோடு, சோற்றுப் பொட்டலத்தைக் கட்டியிருந்த நூலையே எடுத்து, அந்த உணவுப் புத்தகத்தில் சாத்தினேன். வேண்டுதலாகக் கூட இல்லை, சலிப்பில் செய்தது.

நூற்று நாற்பத்தாறாம் பக்கம் திறந்தது. ‘கருவேப்பிலங்குறிச்சிச் சூளையில் கூழ் காய்ச்சும் அஞ்சலை சொன்னது’ என்று தலைப்பு. அதன் கீழே கம்பங்கூழைப் பற்றியும் அதில் உப்பு சேர்க்கும் முறையைப் பற்றியும் ஒரு பெண் பேச்சு வழக்கிலேயே சொல்லிக்கொண்டு போகிறாள். அச்சுப் புத்தகத்தில் இப்படி ஒரு நடையா என்று வியப்பாக இருந்தது. ஆனால் என் மகளுக்கு வேண்டியது அதுதானே. மின்சாரம் இல்லாததால் ஜெராக்ஸ் எடுக்க வழியில்லை; அந்தப் பழைய புத்தகத்தை வெளியே கொடுத்தனுப்பவும் மாட்டார்கள். நோட்டில் கையாலேயே எழுதிக்கொண்டு வீடு வந்தேன். அமுதா படித்துவிட்டு என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஜெராக்ஸை மட்டும் சனிக்கிழமை எடுத்துவந்துவிட்டால் போதும்.

சனிக்கிழமை அதே அலமாரி, அதே புத்தகம். நூற்று நாற்பத்தாறாம் பக்கத்தில் பச்சிளங்குழந்தைக்குப் பால் புகட்டும் முறை இருந்தது. நானும் நூலகரும் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை இரண்டு முறை புரட்டினோம். சூளையும் இல்லை, அஞ்சலையும் இல்லை.

“தயிர்ச்சோறு அசத்திடுச்சுங்க ஐயா. நான் வந்தப்ப மேசையில தலை சாஞ்சி கெடந்தீங்க. கனாவுல படிச்சிருப்பீங்க” என்றார் நூலகர்.

கனவில் படித்தேன் என்றே வைத்துக்கொள்வோம். நோட்டில் மூன்று பக்கம் எழுதியது யார்?

வீட்டில் மகளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கிருந்த களைப்பில், “புத்தகப் பேரையும் பக்க எண்ணையும் போட்டுவிடு, யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்” என்று சொல்லிவிட்டேன். நீறு பூசிய நெற்றியோடு சொன்ன சொல் அது.

“புக்குல இல்லாதத எப்படிப்பா போடறது? பொய்யில்ல அது?” என்றாள். நோட்டை எடுத்துத் தலைப்பைத் திரும்பப் படித்தாள். “ஊரு பேரு இருக்குது, ஆளு பேரு இருக்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழம. போய்த்தான் பாப்போமே.”

நோட்டை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். கருவேப்பிலங்குறிச்சி டீக்கடையில் கேட்டதற்கு, “சூளைக்குக் கூழு ஊத்தற அஞ்சலைங்களா? அந்தப் பொகை தெரியுது பாருங்க, அங்க” என்றார்கள். நம்பினால் நம்புங்கள், அவள் இருந்தாள். ஐம்பது வயதுக்குள்தான். செங்கல் சூளையோரம் பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அமுதா வந்த காரியத்தைச் சொன்னாள்.

“இதக் கேக்கவா பஸ்ஸு ஏறி வந்தீங்க? இதுநாள் வரிக்கும் ஒருத்தரும் கேட்டதில்லம்மா” என்று சிரித்துவிட்டு அவள் சொல்லத் தொடங்கினாள், அமுதா எழுதிக்கொண்டாள்.

“சூள பிரிச்சி கல்லு எறக்கற அன்னிக்கு உப்ப பானையில போடமாட்டேன். ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாரி வேர்க்குது, நான் எப்படி ஒரே அளவா போடறது? கையில குடுத்தா சண்ட வரும்னு, விருத்தாசலத்துல கழிச்சுப்போட்ட பீங்கான் சாசர்ல கொட்டி வெச்சிடுவேன். நாக்கு கேக்கறத அவங்கவங்க போட்டுப்பாங்க.”

கழிச்சுப்போட்ட பீங்கான் சாசர் உட்பட, சொல்லுக்குச் சொல் அதுவே என் நோட்டில் இருந்தது. அடுத்த சொல் இன்னது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. என் உதடு அவளுக்கு முன்னால் அசைவதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

பேராசிரியை அதை ஏற்றுக்கொண்டார். நேரில் போய்க் கேட்டது எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததில்லை என்றாராம். அமுதா பட்டம் பெற்று, இன்று ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவு முறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நோட்டை ஒப்பிட்டுப் பார்த்த அன்று அமுதா அதை மூடி என் கையில் கொடுத்துவிட்டாள். அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆனால் அவளிடமும் சொல்லாத ஒன்று உண்டு. நூலகத்தில் அந்தப் பக்கத்தை நான் முழுவதும் எழுதி முடிக்கவில்லை. கண் எரிந்தது; அடியில் ஐந்தாறு வரிகளைப் படிக்காமலே விட்டுவிட்டேன். சூளையோரத்தில் அஞ்சலையும் சரியாக அதே இடத்தில் நிறுத்தினாள்.

“அப்புறம் என்னக்கா?” என்றாள் அமுதா, பேனாவைப் பிடித்தபடி.

அஞ்சலை அவளைப் பார்க்கவில்லை. வெறுங்கையோடு நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

“மீதிய நீங்க எழுதிக்கலியே சாமி” என்று சொல்லிவிட்டு, பானையை மூடினாள்.