குருசடைத் தீவில் சுபைதா கேட்டது

நான் உயிரோடு இருக்கிறேன் என்று கைரேகை வைத்து நிரூபிப்பதற்காக ராமநாதபுரம் கருவூலத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய காரியம் அது. இயந்திரம் என் விரலை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தபோது சுபைதாவின் மகன் அன்சாரி போனில் அழைத்தான். “மாமி, உம்மா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம். வந்துருங்க” என்றான். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இயந்திரம் இப்போது ஏற்றுக்கொண்டது. கீழக்கரைக்குக் கார் பிடித்தேன்.

முகம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அன்சாரி வாசல்வரை வந்தான். வளைகுடா வேலையை விட்டுவிட்டு உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்ட ஒரே பிள்ளை அவன். “என்ன நோய்னு சொல்லாமலே அனுப்பிட்டேன் மாமி. தெரிஞ்சிருந்தா யார்யார்கிட்ட என்னென்ன பேசியிருப்பாங்களோ. எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருப்பாங்க. மக்காவுக்கு உம்ரா போகணும்னாங்க, அதுவும் நடக்கல” என்றான். அவனுக்கான பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதை எப்போது சொல்ல வேண்டும் என்று சுபைதா முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். அவன் கையைப் பிடித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் அவள் புவியியல் நடத்தியதை இதைப் படிக்கும் பலர் அறிவீர்கள். நான் கணக்கு. கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் மற்ற ஆசிரியைகள் என்னிடம் சற்று ஒதுங்கியே பேசுவார்கள். நான் சேர்ந்த முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சிரிக்கவே கூடாதுன்னு சொல்லி வளத்தாங்களா அந்த சிஸ்டருங்க?” என்று கேட்டவள் சுபைதா ஒருத்திதான். நான் சிரிக்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.

மன்னார் வளைகுடாவின் தீவுகளை வரிசை தப்பாமல் கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டுவாள். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், இதுல எந்தத் தீவுக்கு நீங்க போயிருக்கீங்க?” என்று கேட்டாள். “ஒண்ணுக்கும் போனதில்ல. சூரியனுக்கும்தான் போனதில்ல, அதை நடத்தலையா? உக்காரு” என்றாள் சுபைதா. பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு அது கேட்டது. கப்பல் வைத்து வணிகம் செய்த குடும்பம் அவளுடையது. ஆண்கள் கொழும்பையும் பினாங்கையும் பார்த்தார்கள். பெண்கள் மாடியில் நின்று கடலைப் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை நோய் அவள் பார்வையை எடுத்துக்கொண்டது. முதலில் செய்தித்தாள் போயிற்று, பிறகு முகங்கள். கடந்த சித்திரையில் ஒருநாள் போன் செய்து, “நீ, நான், ஸ்டெல்லா. பாம்பன்ல ரூம் எடுத்துத் தங்கிக்கிட்டு படகுல போய்த் தீவெல்லாம் பாத்துட்டு வருவோம்” என்றாள்.

“கண்ணு தெரியாம என்னத்தைப் பாப்பே?” என்று கேட்டேன். நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

“நீ பாத்துச் சொல்லு. எனக்குக் காத்துப் பட்டாப் போதும்.”

அதே வாரத்தில் அன்சாரி என்னை அழைத்தான். கல்லீரலில் புற்றுநோய், இனி வைத்தியத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்களாம். “உம்மாகிட்ட வீக்கம்னுதான் சொல்லியிருக்கோம். பயணம் போகட்டும், சந்தோசமா இருக்கட்டும். ஆனா உங்க வாயால சொல்லிறக் கூடாது, வாக்குக் குடுங்க மாமி” என்றான். கொடுத்தேன். என் கணவர் இறந்தபோதுகூட யார் முன்னாலும் அழாதவள் நான். அன்று போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

பயணத்தின் முதல் நாள் காரங்காட்டுக்குப் போய் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சுற்றினோம். கிளைகள் தோளில் உரசும் அளவுக்குக் குறுகலான நீர்வழி அது. சுபைதா தண்ணீரில் கையை விட்டு விரலை நாக்கில் வைத்து, “நம்ம கடலை விட உப்புக் கம்மி” என்றாள். “சீனியும் வேணாம் உப்பும் வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நீ கடலையே குடிக்கிறியா?” என்றாள் ஸ்டெல்லா. ஸ்டெல்லா எங்கள் உடற்கல்வி ஆசிரியை. தங்கச்சிமடத்துக்காரி. வாழ்நாள் முழுவதும் விசில் ஊதிய குரல்.

மறுநாள் குருசடைத் தீவுக்குக் கண்ணாடிப் படகில் போனோம். நடுவில் பதித்திருக்கும் கண்ணாடி வழியே கடலடியைப் பார்க்கலாம். படகை ஓட்டிய அந்தோணி, ஸ்டெல்லாவின் அண்ணன் மகன். பவளப்பாறை இருக்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினான். ஸ்டெல்லா கண்ணாடியின் மேல் குனிந்தாள். “அடியாத்தி, சுபைதா, நீலமும் மஞ்சளுமா மீனு கூட்டங்கூட்டமாப் போகுது. பாறையெல்லாம் பூந்தோட்டம் மாதிரி இருக்கு” என்றாள்.

சுபைதா என் பக்கம் திரும்பினாள். “ராஜி, நீ சொல்லு.”

“ஒண்ணும் தெரியல. தண்ணி கலங்கிக் கெடக்கு. கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது.”

“ஆமா டீச்சர், சோளகக் காத்து கெளம்பிருச்சு, இனிமே இங்கன கலங்கல்தான்” என்றான் அந்தோணி. “அத்தை சொன்ன மீனைத்தான் நானும் அப்பப் புடிச்சுத் தேடுறேன்.”

“ஏலே, நீ படகைப் பாத்து ஓட்டு” என்றாள் ஸ்டெல்லா. சுபைதா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. அவளுடைய பழைய சிரிப்பு அது. பல மாதங்களுக்குப் பிறகு கேட்டேன்.

தீவில் இறங்கியதும் ஸ்டெல்லா அந்தோணியோடு கரையோரம் நடக்கப் போனாள். நாங்கள் இருவரும் நிழலில் உட்கார்ந்தோம். சுபைதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு என்னன்னு அன்சாரி உங்கிட்டச் சொன்னானா?”

“சொன்னான்.”

“சொல்லு.”

“சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வெறும் வீக்கத்துக்கு யாரும் வாக்கு வாங்க மாட்டாங்க” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். “அழாதே ராஜி, மூக்குறிஞ்சுறது கேக்குது. இதுக்குத்தான் உன்னை இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன். வீட்டுல தனியா ஒரு பேச்சுப் பேச முடியல. கலங்கல்னு நீ சொன்னப்பவே, உங்கிட்டக் கேக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

பிறகு சொன்னாள்: “எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியலைங்கிற நெனப்புலதான் அவன் தூங்குறான். நான் போயி, நாப்பதாம் நாள் பாத்திஹாவும் முடியட்டும். அப்பறம் நீயே சொல்லு.”

ஊர் திரும்பியதும் உம்ராவுக்குப் போவதென்று நிய்யத்து வைத்திருப்பதாக வீட்டில் சொன்னாள். அந்தப் பயணம் கிளம்புகிறவர்கள் உறவு, அக்கம்பக்கம் எல்லோரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது அவர்கள் வழக்கம். சுபைதா ஒவ்வொரு வீடாகப் போனாள். பேச்சு நின்றுபோயிருந்த, மச்சி முறையாகும் உறவுக்காரியின் வீட்டுக்கும் போனாள். அல்லாவைச் சொல்லிப் பொய் சொல்லலாமா என்று கேட்டேன். “பொய்யில்லை. ஒடம்பு எடம் கொடுத்தா நெசமாவே போவேன். முடியலன்னாலும் கேட்டது கேட்டதுதானே” என்றாள்.

நாற்பது முடிந்ததும் கீழக்கரைக்குப் போய் அன்சாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அசையாமல் கேட்டான்.

“எங்கிட்டயும் கேட்டாங்க மாமி. கையைப் புடிச்சுக்கிட்டு, ‘ஏதாவது இருந்தாப் பொறுத்துக்க வாப்பா’ன்னாங்க. உம்ராவுக்குத்தானேன்னு நான் போனைப் பாத்துக்கிட்டே, ‘சரி உம்மா, பொறுத்துக்கிட்டேன், நீங்களும் பொறுத்துக்கங்க’ன்னேன். தலையைக்கூட நிமுத்தல.”

“அவளுக்குக் கண்ணு தெரியாது அன்சாரி” என்றேன். “நீ போனைப் பாத்தது அவளுக்குத் தெரியாது. நீ சொன்னதுதான் கேட்டிருக்கும். கேட்டுட்டு என்ன சொன்னா?”

“பொறுத்துக்கிட்டேன் வாப்பான்னாங்க.”

அதன் பிறகுதான் அவன் அழுதான். இதை எழுதச் சொன்னதும் அவன்தான். உம்மா ஒன்றும் தெரியாமல் போய்விட்டார் என்று ஊரில் யாரும் நினைக்கக் கூடாது என்றான்.

என்னிடமும் அவள் கேட்டாள். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட மதிப்பெண் பட்டியலை உரிய நாளில் கொடுக்காததைத் தவிர மற்றதெல்லாம் பொறுத்தேன் என்றேன். சிரித்துவிட்டு, “இப்ப நீ கேளு” என்றாள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் அல்ல. என் கணவரோடு பேசாமல் விட்ட பேச்சுகள் இன்னும் என்னிடமே இருக்கின்றன, இனி அவற்றைக் கொண்டுபோய்ச் சொல்ல இடமில்லை. சுபைதா விடவில்லை, காத்திருந்தாள். கேட்டேன். “பொறுத்துக்கிட்டேன், போ” என்றாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அவளை நினைத்து அழும்போது, சொல்லாமல் விட்டதற்காக அல்ல, அவளுக்காக மட்டுமே அழ முடிகிறது.