மங்குஸ்தான் தோல் அரைத்த கல்

சம்ரியாங்கிடம் வைத்தியத்துக்கு வந்தவை பெரும்பாலும் காளைகள்தான். நக்கோன் ஊர்ப் பக்கத்தில் காளையோடு காளையை மோதவிட்டுப் பந்தயம் கட்டுவார்கள். மனுஷன் மண்டை உடைந்தால் திரும்பிப் பார்க்காதவன்கூட, காளைக்கு ஒரு கீறல் விழுந்தால் பதறிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடிவருவான். காய்ந்த மங்குஸ்தான் பழத்தோலைச் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டுக் கல்லில் அரைத்து அப்பிவிடுவாள். ரத்தம் நிற்கும், புண் சுருங்கும், ஈ அண்டாது. வயிற்றுக்கடுப்பு என்று வரும் மனிதர்களுக்கு அதே தோலில் கஷாயம். கறை ஏறி ஏறி அவள் பத்து விரலும் கறுத்துக் கிடந்தன.

ஆனால் மேல்கீறலுக்கு மட்டும்தான் பூசுவாள். கொம்பு ஆழமாக இறங்கிய குழிக்குத் துணித்திரி வைத்து, சீழ் வடியும்வரை வாய் திறந்தே இருக்க விடுவாள். அவசரப்படுகிறவர்களிடம், "திருடனை உள்ள வச்சுக்கிட்டு வீட்டைப் பூட்டுவீங்களாய்யா?" என்பாள்.

இத்தனை பேருக்குப் புண் ஆற்றியவளின் உடம்பில் புண் ஆறாத நாளில்லை. புருஷன் தொங்சுக் அப்படிப்பட்டவன். அவன் வளர்த்த பந்தயக் காளை தோற்றால் அவளை உதைப்பான். ஜெயித்தால் குடித்துவிட்டு வந்து உதைப்பான். ஆறு வருஷத்துக்கு முன் விட்ட ஒரே அறையில் அவள் இடது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. அதோடு அந்தக் காது செவிடு. "இனிமே உன்னை ரெண்டு தடவை கூப்பிடணும் போலிருக்கே!" என்று சிரித்தான், படுபாவி. அன்றிலிருந்து அவள் எங்கே உட்கார்ந்தாலும் வலது காது அவன் பக்கம் இருக்கும்படிதான் உட்காருவாள். அவன் எழுந்து வரும் சத்தம் முன்கூட்டியே கேட்க வேண்டுமே.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் காளை தோற்றது. மறுநாள் காலையில் அதைத் தென்னைமரத்தில் கட்டி, இரும்புச் சங்கிலியால் முதுகுத்தோல் உரியும்வரை விளாசினான். கயிறு அறுந்தது. காளை திரும்பி ஒரே குத்து. கொம்பு தொடையில் சாண் ஆழம் இறங்க, அவனைத் தூக்கி வேலியில் வீசியது.

சம்ரியாங் அவனைத் திண்ணைத் தூணோரம் கிடத்திவிட்டு, வெந்நீரும் திரியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஆழமா இறங்கியிருக்குங்க. வண்டி கூப்பிடுறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"சொந்த மாடே குத்திச்சுன்னு ஊரு கைகொட்டிச் சிரிக்கவாடி? பத்து நாள்ல அடுத்த பந்தயத்துக்கு மாடு ஜோடி சேர்க்குற எடத்துக்கு நானே புடிச்சிட்டு நடக்கணும். தோலை அரைச்சுப் பூசு. மூடு."

"மூடக்கூடாதுங்க. உள்ள அழுகிரும்."

செம்பு அவள் நெற்றியில் பறந்து வந்து விழுந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு நுவான் ஓடிவந்து வாசலில் நின்றாள். அவளையும் சாட்சி வைத்துச் சம்ரியாங் இன்னொரு தடவை சொன்னாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்துத் தூணில் மூன்று முறை மோதினான். கன்னம் கிழிந்தது.

"எனக்கே வைத்தியம் சொல்லித் தர்றியா? மூடுடி!"

மூடினாள். கெட்டியாக அரைத்து, அழுத்தி, அவன் கேட்டபடியே. சாயங்காலத்துக்குள் புண் வாய் இறுகிவிட்டது. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

நாலாம் நாள் தொடை பூசணிக்காய் மாதிரி வீங்கி, இடுப்புவரை கறுத்தது. கிட்டே நிற்க முடியாத நாற்றம். கூடத்துப் பாயில் கிடந்து காய்ச்சலில் நடுங்கினான்.

அன்று காலை சம்ரியாங் அரைக்கிற கல்லை இடம் மாற்றினாள். பாய்க்கு அந்தப் பக்கம் இருந்ததைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, இடது காது அவன் பக்கம் இருக்க உட்கார்ந்து தோலை அரைக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கல்லின் சத்தம் கேட்டது, கோழிகளின் சத்தம் கேட்டது. பயம் இல்லாமல் அவள் உட்கார்ந்த முதல் காலை அதுதான்.

உச்சிவெயிலில் நுவான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா! மாமா காட்டுக்கத்தலா கத்துறாரு, எங்க வீடுவரைக்கும் கேக்குது! புண்ணைத் திறந்துவிடு, ஆஸ்பத்திரிக்காச்சும் கொண்டுபோன்னு கெஞ்சுறாருக்கா!"

"அப்படியா? எனக்குக் கேக்கலையே."

"பக்கத்துலயே இருந்துக்கிட்டு..."

"இந்தக் காதுல கேக்காதுன்னு அவருக்குத் தெரியும் நுவான். அவருக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும்."

நுவான் அவள் நெற்றிக் காயத்தையும் கிழிந்த கன்னத்தையும் பார்த்தாள். பாய்ப் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப இவ்வளவு தோலை யாருக்குக்கா அரைக்கிற?"

சம்ரியாங் விழுதைக் கறுத்த விரல்களால் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு எழுந்தாள்.

"மாட்டுக்கு. முதுகெல்லாம் சங்கிலி உரிச்ச புண்ணு. பாவம், மேல்காயம்தான். ஆறிரும்."