பூட்டிக் கிடந்த பிரசவ அறை

செஞ்சியில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி என்பது ஓடு போட்ட இரண்டு அறைகள்தான். அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மழையில் பிரசவ அறையின் கூரை சட்டத்தோடு கீழே விழுந்தது. கட்டிலில் அன்று யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பத் தொடங்கியது.

மறு வருஷம் பங்குனியில் வேலை முடிந்தது. பிரசவ அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், வழவழவென்று தரை, பெரிய ஜன்னல். ஆசையாகப் போய்ப் போய்ப் பார்த்தேன். ஆனால் திறந்துவைக்க வேண்டிய மந்திரிக்கு நேரம் ஒழியவில்லை. சித்திரையும் போனது, வைகாசியும் போனது. அங்கே பூட்டு தொங்க, நாங்கள் கீற்றுக் கொட்டகையில் பிரசவம் பார்த்தோம். காற்றடித்தால் கொதிக்கவைத்த தண்ணீரில் புழுதி மிதக்கும்.

ஆனியில் ஒரு காலை, சுற்றுச்சுவர் வேலையிலிருந்த சித்தாள் ஒருத்திக்கு வலி எடுத்தது. வல்லத்துப் பெண். நிறைமாத வயிற்றோடு கலவைச் சட்டி சுமந்துகொண்டிருந்தாள். பரிசோதித்தேன். குழந்தையின் கால் முதலில் இறங்கியிருந்தது. டாக்டரோ விழுப்புரத்துக்குப் போயிருந்தார். கட்டட ஓவர்சீயரிடம் ஓடினேன்.

"சாவியைக் குடுங்க சார்."

"மந்திரி கையால தொறக்கணும் சிஸ்டர். அதுக்குள்ள தீட்டாக்கிட்டா என்னைத்தான் கேப்பாங்க."

"அவ செத்துப்போனா?"

"கொட்டாயிலயே பாருங்க. இத்தினி நாளு பாக்கலியா?"

பின்னால் நின்ற மேஸ்திரி சுத்தியலோடு போனார். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. "கட்னது நாங்கதானே, தூக்கினு வாங்க" என்றார்.

பெண் குழந்தை. நீலம் பாரித்து, அசைவில்லாமல் வந்தது. வாயில் விரல் விட்டுத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அழுதது. அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஓவர்சீயர் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கறை போவுமா?"

"உங்கம்மா உங்களைப் பெத்தப்பவும் தரை கறையாத்தான் ஆயிருக்கும். போய்க் கேளுங்க" என்றேன்.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக எனக்கு மெமோ வந்தது. உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று ஒரே வரியில் பதில் எழுதினேன்.

ஆவணியில் திறப்பு விழா. சந்தனக் கிண்ணத்தோடு என்னை வாசலில் நிறுத்தினார்கள். கேட்டுக்கு வெளியே அவள் குழந்தையோடு நின்றிருந்தாள். "பெரியவங்க வர்ற நேரம், அப்பால போ" என்று போலீஸ்காரர் விரட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தை ஓவர்சீயர் கையில் திணித்துவிட்டு வெளியே போனேன். உள்ளே தாய்மார்களின் நலனைப் பற்றி ஒலிபெருக்கி முழங்க, நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

அடுத்த மாதமே என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மேஸ்திரியை, கட்டட வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் மறுபடி வேலைக்குக் கூப்பிடவே இல்லையாம். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.