கவுஸ் பாயின் கெட்டித் தலையணை

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் என் பாத்திரக் கடையை ஒட்டினாற்போல் இருப்பது முகம்மது கவுஸ் பாயின் மெத்தைக் கடை. சர்க்கரை, முழங்கால் வலி என்று அந்தந்த வயதில் வர வேண்டியதெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்த மனிதர். ஊரடங்கில் வரக்கூடாத ஒன்றும் வந்து சேர்ந்தது. பீட் போடும் பைத்தியம், அதாவது லேப்டாப்பிலேயே தாளம் கட்டிப் பாட்டுச் செய்வது.

மகள் அப்சானா கல்லூரி வகுப்பை லேப்டாப்பில் முடித்துவிட்டு எழுந்தால், அந்த இடத்தில் பாய் போய் உட்கார்ந்துவிடுவார். யார் யாரோ கற்றுக்கொடுக்கும் வீடியோவைப் பார்த்துப் பழகினார். மெத்தையைக் கழியால் சாத்தும் சத்தத்தைச் செல்போனில் பிடித்து, அதையே தாளத்தின் அடியாக வைத்தார். அதற்குக் கீழே தரையை அதிரவைக்கும் ஒரு பேஸ் உறுமல். அவர் வீட்டம்மா ரஜியா சமையலறையிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "கம்மி பண்ணுங்க!"

பாய்க்கு இருந்த ஆசை ஒன்றுதான். "வெங்கடேசா, என் பீட்டுக்கு ஒருத்தராவது ஆடறத இந்தக் கண்ணால பாத்துடணும்ப்பா."

"நான் ஆடட்டுமா பாய்?"

"நீ ஆடுனா கணக்குல சேராது."

வடக்கனந்தல் பச்சமுத்து கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். இருக்கைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் கட்டியிருப்பார். மாட்டுப் பொங்கலன்று டிராக்டரை ஜோடித்து ஊரைச் சுற்றும்போது பாயின் பீட்டைப் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முன்னோட்டமாக ஒரு நாள் கடை வாசலிலேயே போட்டுப் பார்த்தார்கள்.

"பாய், உங்க பாட்டு எங்கங்க கீது? இஞ்சின் சத்தந்தான் கேக்குது" என்றார் பச்சமுத்து. சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வோர் அடிக்கும் ஸ்பீக்கர் கரகரவென்று அழுதது. அதற்குள் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டு இன்னொரு டிராக்டர் எங்களைக் கடந்தது. அது தெருக்கோடி வரை கேட்டது. பாயின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் பாய் லேப்டாப்பில் கம்ப்ரெஸர் என்ற விஷயத்தைக் கண்டுபிடித்தார். பாட்டில் எகிறி நிற்கும் பெரிய சத்தங்களைத் தலையில் தட்டி அடக்குவது. அவை அடங்கினால் மொத்தப் பாட்டையும் மேலே தூக்கலாம். ஸ்பீக்கர் கரகரக்காது, சின்னச் சத்தமும் நன்றாகக் கேட்கும்.

"இது நம்ம தொழிலுப்பா! உறையில பஞ்ச அமுக்கறதுதான?" என்று துள்ளினார் பாய்.

பாய் பஞ்சு அமுக்கும் லட்சணம் ஊருக்கே தெரியும். கெட்டியாக இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவர் கொள்கை. அவரிடம் வாங்கிய தலையணையால் சுவரில் ஆணி அடிக்கலாம். அதே கையால், திரையில் தெரிந்த கம்ப்ரெஸரின் எல்லாத் திருகையும் கடைசி வரை திருகிவிட்டார்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல்கள் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வடக்கனந்தலுக்கு வந்து இறங்கிய இலவம்பஞ்சு மூட்டையை எடுத்துவர நானும் பாயும் வண்டியில் போனோம். பாதி வழியில் சாலையை மறித்துவிட்டார்கள். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் இஞ்சினை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றன. வரிசையின் நடுவில் பச்சமுத்து. பாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பச்சமுத்து, புதுசு கொண்டாந்துகீறேன். போடுப்பா!"

போட்டார். கரகரப்பே இல்லை. வரிசையின் கடைசி வண்டிவரை கேட்டது. சத்தத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலை ஆடவில்லை, ஒரு விரல் தட்டவில்லை. எல்லாரும் மாவு மில்லில் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். பச்சமுத்து ஊரில் கரும்பு வெட்டும் கொளஞ்சியம்மாள் டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"இது நீங்க போட்டதா பாய்? உங்க கடையில வாங்குன தலகாணி மாரியே கீதுங்க. கெட்டியாத்தான் கீது, தல உள்ள போவ மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாயைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மறியல் முடிந்ததும் பஞ்சு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

கடைக்கு வந்ததும் அலமாரியிலிருந்து ஒரு தலையணையை எடுத்துத் தரையில் போட்டுப் படுத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார். பிறகு தையலைப் பிரித்து, கைநிறையப் பஞ்சை வெளியே எடுத்தார். மறுபடியும் படுத்தார். "அட!" என்றார்.

அதன்பின் லேப்டாப்பிலும் அதே வேலைதான். கம்ப்ரெஸர் எத்தனை சீக்கிரம் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு இருக்கிறது. பாய் அதைக் கண் இமைக்கும் நேரம்கூட விடாமல் வைத்திருந்தார். கழி மெத்தையில் விழும் 'தப்'பே நசுங்கிப் போயிருந்தது. இப்போது அந்த முதல் அடியைத் தாராளமாக வெளியே விட்டு, பின்னால் இழுபடும் சத்தத்தை மட்டும் கொஞ்சமாக அமுக்கினார். அதற்குப் பிறகு மொத்தத்தையும் தூக்கினார்.

"நம்ப ஆசைக்கு அமுக்கக் கூடாதுப்பா, படுக்கறவங்க தலைக்குத்தான் அமுக்கணும்" என்று எனக்குப் பாடம் வேறு. அதை அந்தக் கொளஞ்சியம்மாள் அல்லவா சொன்னார்!

மாட்டுப் பொங்கலுக்குப் பச்சமுத்து வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. பாய் ரஜியாவையும் அழைத்து வந்திருந்தார், கொளஞ்சியம்மாளுக்கு ஒரு புதுத் தலையணையும் கொண்டுவந்தார். கரும்பும் தோரணமும் பலூனுமாக டிராக்டர் புறப்பட்டது. இஞ்சின் உறுமியது. பச்சமுத்து பீட்டைப் போட்டார்.

'தப்!'

இஞ்சினைத் தாண்டி அடி நெஞ்சில் வந்து விழுந்தது. முதலில் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் தோள் ஆடியது. அப்புறம் கொளஞ்சியம்மாள், கொடுத்த தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருவின் நடுவில் இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து ஒரு தெருவே இறங்கியது. நானும் ஆடினேன், கணக்கில் சேராவிட்டால் போகட்டும்.

பாய் மட்டும் அசையாமல் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பார்க்கிறார், மறுபடியும் துடைத்துக்கொள்கிறார். பக்கத்தில் ரஜியா நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது போலும், பழக்கதோஷத்தில் பதறிப்போய்க் கத்தினார்.

"பச்சமுத்து, கம்மி பண்ணுப்பா! வூட்ல கோச்சிக்குவாங்க!"

ரஜியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். காலடியில் செருப்பு தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"யாருங்க கோச்சிக்கறது? ஜாஸ்தி பண்ணச் சொல்லுங்க."