மல்லிகா அக்காவும் ஒரு பாக்கெட் பார்லித் தண்ணீரும்

மல்லிகா அக்கா போய்விட்டார் என்ற செய்தி மல்லிகா அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. நம் தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மூத்த மகள் எழுதியிருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மயங்கி விழுந்தவர், கண் திறக்கவேயில்லையாம். மகனுக்குப் பாலூட்டி முடித்து நான் கைபேசியை எடுத்தபோது அதன் கீழே அஞ்சலிகள் குவிந்து கிடந்தன. ‘எனக்கு உடன்பிறந்த அக்கா’ என்று ஷர்மிளா எழுதியிருந்தார். ‘என்மேல் அவருக்குத் தனிப் பாசம்’ என்று தேவி. எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி என்ன எழுதினாலும் பொய்யாக இருக்கும்.

அவரை நான் முதலில் பார்த்தது, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அவர் வேலை பார்த்த விமான டிக்கெட் கடையில். பிரசவத்துக்குத் திருச்சியிலிருந்து வரவேண்டிய அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவருடைய டிக்கெட்டை ரத்து செய்ய நிறைமாத வயிற்றோடு போயிருந்தேன். அக்கா கணினித் திரைக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தார்.

“எங்க இருக்கீங்க?”

“மார்சிலிங்.”

“அட, நானும் அங்கதான்லா. டிக்கெட்டத்தானே கேன்சல் பண்றோம், அதுக்காக ஆளே இல்லேன்னு ஆயிடுமா? நம்பர் குடுங்க.”

எனக்கென்று இந்த ஊரில் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே ரயிலில் வீட்டுக்கு வந்தேன். அவர் சேர்த்துவிட்ட குழுவைத் திறந்தால், ஏற்கெனவே நீங்கள் எல்லாரும் உள்ளே இருந்தீர்கள்.

மகனுக்கு மூன்று வாரமானபோது என் கணவர் அலுவலகத்திலிருந்து சளியைக் கொண்டுவந்தார். மறுநாளே பிள்ளைக்கு மூக்கடைத்துக்கொண்டது. மார்பில் வாய் வைப்பான், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவான். அம்மா தொலைபேசியில் தைலம் தடவச் சொன்னார். நான் மூடியைத் திறந்த நேரத்தில், காலையில் நான் அனுப்பிய செய்தியைப் பார்த்த மல்லிகா அக்கா, வேலை முடிந்து முகக்கவசத்தோடு வந்து நின்றார்.

“தைலமா? மூணு வாரப் புள்ளைக்கா? இத உங்க வீட்டுக்காரர் மூக்குல தடவுங்க. அவருதானே வாங்கிட்டு வந்தாரு.”

அறைக்குள்ளிருந்து கணவர் தும்மினார். “பாருங்க, கூப்பிட்டதும் பதில் சொல்றாரு” என்றார் அக்கா.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு நாசியிலும் மருந்துக்கடை உப்புத்தண்ணீரைச் சொட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, சிறு ரப்பர் குமிழால் சளியை இழுத்தார். பால் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் போதும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொன்னார். தொட்டிலில் கணவர் வைத்திருந்த தலையணையை, பச்சைப் பிள்ளைக்கு மூச்சை அடைக்கும் என்று எடுத்து சோபாவில் போட்டார். “சளிக்கு டைரக்ட் ஃபிளைட் கெடையாதுலா. ஒரு வாரம் ட்ரான்சிட்ல உக்காந்துதான் ஆவணும்” என்றார். எனக்காகவே அந்த நிமிடத்தில் பிறந்த வாக்கியம் என்று பூரித்துப்போனேன்.

அவருடைய கைபேசி அடித்தது. ஷர்மிளா. என் மகனை மார்பில் நிமிர்த்திப் பிடித்தபடியே, “சளிக்கு டைரக்ட் ஃபிளைட் கெடையாதுலா ஷர்மி...” என்று தொடங்கினார். அதே குரல், அதே இழுப்பு. பசிக்கிற நேரம் என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவர் தோளில் அமைதியாக இருந்தவன் என் கையில் வந்ததும் வீரிட்டு அழுதான்.

அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது நாம் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? ட்ரான்சிட் கதையைத் தேவி சொன்னார். “எனக்கும் அதையேதான் சொன்னாங்க” என்று நான்கு பக்கமிருந்தும் குரல் வந்தது.

“எனக்குப் பூண்டு ரசம் வெச்சுக் கொண்டாந்தாங்க.”

“ரசம் மட்டுந்தானா? எனக்கு ரசத்தோட முட்டையும்.”

“எனக்கு மூணு நாள் சாப்பாடே அவங்க வீட்லேருந்துதான்லா.”

அழுதுகொண்டே சிரித்தீர்கள். பிறகு ஷர்மிளா என்னிடம், “உனக்கு என்ன கொண்டாந்தாங்க?” என்று கேட்டார். எனக்கு அவர் ரசம் கொண்டுவந்ததில்லை. முட்டையும் இல்லை. உங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து என் வயிறு எரிந்தது. இருந்த ஒன்றைச் சொல்லவும் மனம் வரவில்லை.

அந்த ஒன்று இதுதான். அக்கா வந்துபோன இரண்டாம் நாள் பிற்பகல், மகன் பால் குடிப்பதையே விட்டுவிட்டான். காலையில் மாட்டிவிட்ட பம்பர்ஸ் மூத்திரமே படாமல் காய்ந்தே இருந்தது. வீடியோவில் அக்காவை அழைத்தேன். பகடியை எதிர்பார்த்துத்தான் அழைத்தேன். அவர், “சட்டையத் தூக்கிக் காட்டுங்க” என்றார். காட்டினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் குழிந்து உள்ளே போனது. அக்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பின்னால் யாரோ வாடிக்கையாளர் சென்னைக்கு டிக்கெட் விலை கேட்பது மட்டும் கேட்டது.

“டாக்சி கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்கு. நான் நேரா அங்க வர்றேன்.”

பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். கணவர் அவனோடு உள்ளே இருந்தார். வெளியே நடையில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவரை அப்படி உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

“பயந்துட்டேன்” என்றார். “சும்மா சளிதானேன்னு வந்துட்டுப் போயிட்டேன். எதெதப் பாக்கணும்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். குரூப்ல சொல்லிடாதீங்க. அப்புறம் யாரும் தைரியமா இருக்க மாட்டாங்க.”

மகன் தேறி வீட்டுக்கு வந்தான். நான் சொல்லவில்லை. அவருக்காக என்று அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்காகத்தான். உங்கள் எல்லாரிடமும் அவருடைய தைரியம் இருந்தது. பயம் என்னிடம் மட்டும் இருந்தது.

அவர் போன மறுவாரம் குழுவில் ஒரு புதுத் தாய் கேட்டாள்: குழந்தைக்குச் சளி, காலையிலிருந்து பால் குறைவாகக் குடிக்கிறான், என்ன செய்வது? அக்காவின் நினைவாக யாரோ ட்ரான்சிட் வாக்கியத்தைப் போட்டார்கள். அதன் கீழே இதயங்களாக வந்து விழுந்தன. பம்பர்ஸ் நனைந்ததா, விலா குழிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அவளை அழைத்து, சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். விலா குழியவில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்பினேன். நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பச்சைப் பிள்ளை பால் குடிக்க மறுத்தால், பம்பர்ஸ் நனையாவிட்டால், மூச்சுக்கு விலா குழிந்தால், உடம்பு சுட்டால், வீட்டில் காத்திருக்காதீர்கள். மல்லிகா அக்கா காத்திருக்கவில்லை. அவர் பயந்தார். நான் பூட்டி வைத்திருந்த அந்தப் பயத்தை இன்று உங்களுக்கும் பங்கு வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அன்று அந்த ஆஸ்பத்திரி நடையின் கோடியில், காசு போட்டால் பானம் தரும் இயந்திரத்தில் ஒரு பாக்கெட் பார்லித் தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழலைக் குத்தி, அவர் கையில் கொடுத்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார். உங்களுக்கெல்லாம் அவர் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம்தான் வாங்கிக் குடித்தார்.