ஊர் பாடும் இடைவெளி

பொம்மிடி ஜாஸ்மினுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. புதுத் தையல் மெஷினை வாங்கி வந்த அன்றைக்கே அக்கக்காகக் கழற்றிப் போட்டு, கணவர் மாதவராஜைத் தலையில் கைவைக்க வைத்தவள். தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் அவள் தைத்ததுதான். மாதா கோவில் தேர் கிளம்பினால் மைக்கைப் பிடித்துப் பாட்டெடுப்பவளும் அவள்தான். அவள் ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துவாள். பின்னால் நடந்து வரும் ஊரே அதைத் திருப்பிப் பாடும்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது சோதனை. கழுத்தில் தைராய்டு கட்டி. அடுத்த வாரம் சேலத்தில் ஆபரேஷன். குரல் மாறினாலும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஜென்மமா அவள்? இருக்கிற குரலைப் பதிவு செய்து வைத்துவிடலாம் என்று மகளின் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டினாள்.

பாட்டைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றா இரண்டா! இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் இறக்கினாள். ஒன்றைத் திறந்தால் திரை முழுக்க ரேடியோவில் இருப்பது போலத் திருகு குமிழ்கள். விடுவாளா, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இன்னொன்றைத் திருகியதும் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாடறதுக்கு எறக்குனியா, வெளையாடறதுக்கு எறக்குனியா?" என்றார் மாதவராஜ்.

"என்னென்ன இருக்குதுன்னு பாக்க வேணாங்களா?"

"பாத்துட்டே இருந்தா ஆபரேசன் நாளே வந்துடும். ஏதோ ஒண்ணுல பாடு."

அவர் சொன்னதும் சரிதான். ஒரே ஒரு சிவப்புப் பொத்தான் மட்டும் இருந்த, ஆளைப் பயமுறுத்தாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். தேருக்குப் பாடுவது போலவே பாடினாள். ஓர் அடி பாடியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. ஊர் பாடி முடிக்கும் நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த அடியை எடுத்தாள். வீட்டில் ஊர் ஏது? பழக்கதோஷம்.

போட்டுக் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி மூச்சுவிடாமல் ஓடியது. சத்தமில்லாத இடங்களை நீக்கிவிட்டதாகச் சாஃப்ட்வேர் பெருமையாகச் சொன்னது.

"நல்லதுதானே? வெத்து எடத்த அதுவே வெட்டிடுச்சு" என்றார் மாதவராஜ்.

ஜாஸ்மினுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது வெத்து எடமில்லீங்க. ஊரு பாடற எடம்."

என்ன வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. குமிழ்கள் நிறைந்த பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பினாள். அது இடைவெளியைத் தொடவில்லை. அதோடு, பதிந்த குரலுக்குக் கீழே இன்னொரு குரலைத் தனி வரிசையாக வைக்கலாம், ஜாக்கெட்டுக்கு லைனிங் கொடுப்பது போல. அந்த வரிசைக்கு டிராக் என்று பெயராம். மேலே ஓடும் குரலைக் கேட்டுக்கொண்டே கீழே பாடலாம். 'அட, இப்படியும் உண்டா!' என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுபடி பாடினாள். திரையில் மேல் டிராக்கில் குரல் மேடு மேடாக எழுந்தது, நடுநடுவே ஊர் பாடும் இடத்தில் நேர்கோடு.

"இப்ப கீழ நீயே பதிலையும் பாடிடு. முழுப் பாட்டா ஆயிடும்" என்றார் மாதவராஜ்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழே புது டிராக்கைத் திறந்தாள். பொத்தான் வரை போன விரல் நின்றுவிட்டது.

"இப்ப வேணாங்க."

"ஏன், தொண்ட வலிக்குதா?"

"ஆபரேசன் முடிஞ்சு வந்து பாடறேங்க. எந்தக் கொரலு வருதோ அது பதில் பாடட்டும். ரெண்டும் சேந்தா எப்படி இருக்கும்னு எனக்கே கேக்கணும்."

மாதவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை, டிராக்குக்குப் பெயர் வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். மேலே 'ஜாஸ்மின்' என்று அடித்தாள். காலியாக இருந்த கீழ் டிராக்குக்கும் அதே பெயரை அடித்துச் சேமித்தாள்.